இஞ்ச் டேப் அண்ணாவும் என் கார் கதவும்

செம்பாக்கத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஓடுகிற கார்களில் பாதியையாவது இஞ்ச் டேப் அண்ணா குனிந்து அளந்து பார்த்திருப்பார். மீதிப் பாதி இன்னும் எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அவர் டெய்லர். சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து எங்கள் தெரு பிரிந்த உடனே சடாரென்று ஒரு வளைவு. வளைவில் ஒரு டிரான்ஸ்பார்மர் நின்றுகொண்டு எதிரே வருவதையெல்லாம் மறைக்கும். அதற்கு நேர் எதிரே அவர் கடை. போர்டில் பெயர் எப்போதோ வெயிலில் வெளுத்துப்போய் 'டெய்லர்' என்ற வார்த்தை மட்டும் மிஞ்சியிருந்தது. அதனால் பெயர் யாருக்கும் தெரியாது.

வாரத்துக்கு இரண்டு தடவையாவது அந்த வளைவில் 'டொக்' என்று கேட்கும். கேட்டதும் தையல் மெஷின் நின்றுவிடும். கழுத்தில் டேப், காதிடுக்கில் துணியில் கோடு போடுகிற சாக்பீஸ், கையில் தண்ணீர் பாட்டிலோடு அண்ணா இறங்கி வருவார். அதற்குள் இரண்டு காரிலிருந்தும் இரண்டு பேர் குதித்து, "நான் யாருன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்திருப்பார்கள்.

"அது அப்பால தெரிஞ்சிக்கலாம். மொதல்ல தண்ணி குடி சார். யாருக்குனா அடி கீதா? பின் சீட்ல கொயந்த கீதா?"

அடி இல்லை என்று ஆனபிறகு வேலை ஆரம்பிக்கும். நாலு சக்கரத்தைச் சுற்றியும் சாக்பீஸால் கோடு. கீறலுக்குக் குறுக்கே டேப். இரண்டு பேரையும் போட்டோ எடுக்கச் சொல்வார். நம்பரை எழுதிக்கொள்ளச் சொல்வார். பிறகு வண்டிகளை ஓரமாகத் தள்ளி நிறுத்தவைத்து, பின்னால் காத்திருந்த ஆட்டோவையும் ஸ்கூல் வேனையும் அனுப்பிவிட்டு, இருவரையும் பார்த்துச் சொல்வார்: "இப்போ ரோடு ஃப்ரீயா கீது. சண்ட போடறதுன்னா போட்டுக்கங்க."

யாரும் போட்டதில்லை. சண்டைக்கு ஒரு சூடு வேண்டுமே. அதைத்தான் அவர் ஒரு பாட்டில் தண்ணீரில் அணைத்திருப்பாரே.

அளந்ததையெல்லாம் கடை நோட்டிலேயே குறித்துக்கொள்வார். அதே நோட்டில்தான் தெருப் பெண்களின் ஜாக்கெட் அளவும் இருக்கும். ஒருமுறை எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சர், கிறிஸ்துமஸுக்குத் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணா, இதுக்குள்ள நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்தே போகலாம். யாரோட அளவு இது?"

அண்ணா நோட்டைப் புரட்டினார். முகம் மாறியது. "மன்னிச்சுக்கம்மா. இது மாருதியோட பம்பரு."

இடிப்பதற்கு முன்பே தடுப்பதில் அவருக்கு இன்னும் பெரிய ஆசை. மழை பெய்து தெரு குளமாகிவிட்டால், குழி இருக்கும் இடத்திலெல்லாம் குச்சி நட்டு, வெட்டி மிஞ்சிய துணியைக் கட்டிவிடுவார். மூடி உடைந்த சாக்கடைக்கு மட்டும் கல்யாணப் பட்டின் சரிகைத் துண்டு. "தூரத்துலர்ந்தே பளிச்சுனு தெரியணும்ல?" என்பார். நான் ரிவர்ஸ் எடுக்கும்போது மற்றவர்கள் பின்னால் நின்று "வரலாம், வரலாம்" என்று சொல்லிச் சுவரில் கொண்டுபோய் மோதவைப்பார்கள். இவர் மட்டும், "என் மூஞ்சி உன் கண்ணாடில தெரியுதா சார்? தெரியலன்னா நிறுத்து, அவ்ளோதான்" என்பார்.

என்னிடம் அவர் சலிக்காமல் சொன்ன விஷயம் ஒன்று உண்டு. "சார், ரோட்டோரமா நிறுத்திட்டு எறங்கறப்போ வலது கதவ இடது கையால தொற. அப்போ ஒடம்பு தானா திரும்பும். கண்ணு பின்னால பாக்கும்." சரிண்ணா சரிண்ணா என்பேன். நாற்பத்தாறு வயதில் கார் கதவைத் திறக்க ஒருவர் சொல்லித்தர வேண்டுமா என்று மனதுக்குள் சிரித்துக்கொள்வேன்.

அந்தத் திங்கட்கிழமை காலை, ஆபீஸ் போகும் வழியில் பேன்ட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் கடை முன்னால் காரை நிறுத்தினேன். வலது கையால் கதவைத் திறந்தேன்.

பைக் ஒன்று கதவில் மோதியது. ஓட்டி வந்தவர் என் கண்ணெதிரே தார் ரோட்டில் விழுந்தார். ஹெல்மெட் அவர் தலையில் இல்லை, கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கூட்டம் கூடிவிட்டது. ஆனால் அந்தப் பையன் எழுந்துவிட்டான். முப்பது வயது இருக்கும். முழங்கையில் சிராய்ப்பு, வேறு ரத்தம் இல்லை. சட்டையைத் தட்டிக்கொண்டு, "ஒண்ணும் இல்ல சார். ஆபீசுக்கு லேட்டாவுது, கிளம்பறேன்" என்றான்.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதி மட்டும்தான். ஓடிப்போய் பைக்கைத் தூக்கி நிறுத்தினேன். சாவியை எடுத்து அவன் கையில் நானே கொடுத்தேன். அவன் சீக்கிரம் போய்விட வேண்டும் என்றிருந்தது எனக்கு.

அண்ணா அந்தச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

"தம்பி, இன்னிக்கு இன்னா கெயம?"

"வெள்ளிக்கிழமை. விடுங்கண்ணா, லேட்டாவுது."

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். "அவரே ஒண்ணும் இல்லன்றாரு, நீ ஏன்யா பேஜார் பண்ற?" என்றார் இன்னொருவர்.

அண்ணா அவர் பக்கம் திரும்பவே இல்லை. பையனைக் கடைப் படியில் உட்காரவைத்தார். பையன் என்னைப் பார்த்து, "என்ன சார் ஆச்சு? விழுந்துட்டேனா?" என்று கேட்டான். சொன்னேன். ஒரு நிமிஷம் கழித்து அதே குரலில் திரும்பவும் கேட்டான்: "என்ன சார் ஆச்சு? விழுந்துட்டேனா?"

அண்ணா என் தோளைப் பிடித்து உலுக்கினார். பத்து வருஷமாக 'சார்' போட்டுப் பேசியவர். "இட்ச்சது நீ. இட்டுகினு போவ வேண்டியதும் நீதான். எடு வண்டிய."

பின்சீட்டில் அவன் தலை அசையாமல் அண்ணா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வழியெல்லாம் ஏதாவது கேட்டுக்கொண்டே வந்தார். "பொண்டாட்டி பேரு இன்னா? காலைல இன்னா துன்ன?" பாதி வழியில் அவன் அண்ணாவின் சட்டையெல்லாம் வாந்தி எடுத்தான். அதற்குப் பிறகு அவன் பதில் சொல்லவில்லை. அண்ணா மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ஹார்னை அழுத்திக்கொண்டே ஓட்டினேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். மண்டைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. உடனே ஆபரேஷன். முடித்துவிட்டு வெளியே வந்த டாக்டர் அம்மா, "நல்ல வேளை கூட்டிட்டு வந்தீங்க. பைக் எடுத்துட்டுப் போயிருந்தா வழியிலயே மயங்கி விழுந்திருப்பாரு" என்றார். நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். அண்ணா வாந்திக்கறைச் சட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கு எப்படிண்ணா தெரிஞ்சுது?"

"என் மச்சான் ஒர்த்தன் இருந்தான் சார். வண்டிலர்ந்து வியுந்தான். ஒண்ணும் ஆவலியேன்னு நாந்தான் கேட்டேன். இல்லன்னான். டீ குடிச்சான், வூட்டுக்குப் போய்ப் படுத்தான்." சட்டைக் கறையைத் துடைத்தார். "எய்ந்திருக்கல."

ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போயிருந்தது. மறுநாள் ஸ்டேஷனுக்கு எனக்குத் துணையாக அண்ணாவும் வந்தார். எனக்காக ரெண்டு வார்த்தை சொல்வார் என்று நம்பியிருந்தேன். அவரோ, நான் பைக்கைத் தூக்கிக்கொண்டிருந்தபோதே அளந்து குறித்துவைத்திருந்த நோட்டைப் பிரித்தார்.

"கதவு தொறந்துருந்தது இருவத்தியெட்டு இஞ்ச். இவரு காரு ஓரக்கோட்ட தாண்டி ரோட்டுல ஒன்றர அடி உள்ள நின்னுது. பையன் நேராத்தான் வந்தான். தப்பு இவரோடதுதான் சார்."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "இவரு உங்க சாட்சியா?"

"என் டெய்லர்" என்றேன். வேறென்ன சொல்ல?

பையன் தேறிவிட்டான். மூன்று மாதம் கழித்து, மழித்த தலையில் முடி முளைத்து, மனைவியோடு அண்ணா கடைக்கு வந்தான். அண்ணா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னிக்கு இன்னா கெயம?" என்றார். "ஞாயிறுண்ணா" என்றான். அந்தப் பெண் அண்ணாவின் காலைத் தொடக் குனிந்தாள். அண்ணா பதறிப்போய் மெஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

இப்போது அண்ணா மகள் வீட்டோடு கீழ்க்கட்டளைக்குப் போய்விட்டார். அங்கேயும் ஒரு கடை போட்டிருக்கிறார். மாதம் ஒருமுறை துணி எடுத்துக்கொண்டு போகிறேன். உண்மையைச் சொன்னால், அண்ணாவுக்கு பேன்ட் தைக்கவே வராது. ஒரு கால் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். "கரெக்டா கீதா சார்?" என்று கவலையோடு கேட்பார்.

"அருமையா இருக்குண்ணா" என்று சொல்லி, அடுத்த துணியைக் கொடுத்துவிட்டு வருவேன்.