அக்கா ஓடினாள், அப்பா ஓட்டினார்

ஓடுவதற்கு இரண்டு கால் போதும் என்று மனித குலம் இத்தனை காலம் தவறாக நினைத்துக்கொண்டிருந்தது. கால் இரண்டாம்பட்சம், முதலில் கார் வேண்டும் என்று கண்டுபிடித்தவர் என் அப்பா சுவாமிநாதன். மயிலாப்பூரில் எங்கள் ஃபிளாட்டின் இரண்டாம் மாடியில்தான் இந்தக் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. அங்கே ஒரு கல்வெட்டு வைக்கலாம். ஆனால் இன்று வேண்டாம். இன்று ஹால் நிறைய ஆட்கள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். எப்போது வேண்டுமானாலும் என்னைக் கூப்பிடுவார்கள். அதற்குள் உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா ஸஹானா பி.காம். இரண்டாம் வருஷம். எண்ணூறு மீட்டர் ஓடுவாள். அவள் வாங்கிய கோப்பைகளை அப்பா ஷோகேசில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். கோப்பைக்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தம் இருப்பது ஒரு விடியற்காலையில்தான் அவருக்குத் தெரியவந்தது. அன்று அக்கா பயிற்சிக்காக எங்கள் வாசலிலிருந்தே ஓடினாள்.

பால் பூத் வரிசையில் நின்ற வேதாந்தம் மாமா அதைப் பார்த்துவிட்டார். அவர் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர். நலம் எங்கே கெட்டாலும் முதலில் அவருக்குத்தான் தெரியும். படியேறி வந்து மணியடித்தார்.

"சுவாமிநாதன், உக்காருங்கோ. ஒரு வாய் தண்ணி குடிங்கோ. உங்காத்துப் பொண்ணு ஓடிட்டா."

சமையலறையில் அம்மா கையிலிருந்த கரண்டி விழுந்தது.

"யாரோட?" என்றார் அப்பா.

"அதுதான் தெரியலை. அவன் முன்னாடியே போயிருக்கணும். அவனைப் பிடிக்கிற மாதிரி அப்படி ஒரு வேகம்! திரும்பிக்கூடப் பார்க்கலை."

டெலிபோன் என்பது இப்படிப்பட்ட தேசியச் சேவைக்காகத்தான் கண்டுபிடிக்கப்பட்டது. தி.நகர் அத்தை ஆட்டோ பிடித்து அழுதுகொண்டே வந்து இறங்கினாள். அவள் பின்னாலேயே அக்காவும் மூச்சு வாங்க வந்தாள், இரண்டு கையிலும் பால் பாக்கெட்டோடு.

"வந்துட்டியாடி! அதுக்குள்ள அவன் வேண்டாம்னுட்டானா?" என்று அத்தை அவளைக் கட்டிக்கொண்டாள்.

"யாரு அத்தை?"

"அதான், ஓடினியே..."

"பால் பூத் வரைக்கும் ஓடினேன். வேதாந்தம் மாமா கியூல நின்னாரே, கேளேன்."

கேட்க வேண்டியதில்லை. மாமா சங்கத்தின் அவசரக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கப் போய்விட்டிருந்தார்.

எங்கள் ஹாலிலேயே நடந்த அந்தக் கூட்டத்தில் 'வீட்டிலிருந்து ஓடுவது', 'வீட்டை விட்டு ஓடுவது' என்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஆழமாக விவாதிக்கப்பட்டது. கீழ் வீட்டில் இருக்கும் ரிடையர்டு தமிழாசிரியர் சிதம்பரநாதன் ஐயாவிடம் தீர்ப்பு கேட்டார்கள்.

"முன்னது ஐந்தாம் வேற்றுமை, நீங்கல் பொருள். பின்னது இரண்டாம் வேற்றுமை" என்றார் அவர்.

"எது நல்ல வேற்றுமை சார்?"

"ரெண்டுலயும் புள்ள வீட்ல இல்லீங்க."

பெசன்ட் நகர் பீச்சில் பெரிய பெரிய அதிகாரி வீட்டுப் பெண்களெல்லாம் ஓடுகிறார்களே, அவர்களை யாராவது எதுவும் சொல்கிறார்களா என்று முதல் மாடி மாமி கேட்டாள். அங்கேதான் அப்பா எழுந்து நின்று அந்தச் சரித்திர வாக்கியத்தைச் சொன்னார்.

"ஏன் சொல்றதில்லை? அவா கார்ல வந்து இறங்கறா. கார்லேந்து இறங்கி ஓடினா 'ஜாகிங்'. வாசல்லேந்து ஓடினா 'ஓடிட்டா'."

கைதட்டல். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

மறுமாதம் வெள்ளை மாருதி வந்தது. தினமும் விடிவதற்கு முன் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழ சகிதமாக அடையார் பாலத்தைத் தாண்டிப் பெசன்ட் நகர் போவோம். ஓடுவதற்கு அக்கா. கண்காணிப்புக்கு அப்பா. தண்ணீர் பாட்டிலும் துண்டும் பிடிக்க நான். பீச் ரோடில் அக்கா ஓடினாள், பக்கத்திலேயே அப்பா ஓட்டினார். நடுவில் ஒரு 'ட்'தான் வித்தியாசம். ஜன்னல் வழியே தலையை நீட்டி அவர் பயிற்சியும் அளித்தார்.

"மெதுவா ஓடுடி! மூணாவது கியர் போட வேண்டியிருக்கு!"

ஊரூர் குப்பத்திலிருந்து மீன் கூடையோடு வந்த ஒரு அம்மா வண்டியை மறித்தாள்.

"இன்னா நைனா, வயசுப் பொண்ண காருல தொரத்திக்கினு போற? போலீசாண்ட சொல்லட்டா?"

"நான் அவ அப்பாம்மா!"

"ஐயே! அப்பனே தொரத்துனா அது இன்னாதான் பண்ணும்? அதான் இந்த ஓட்டம் ஓடுது."

அன்றிலிருந்து அப்பா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, மகள்களை ஓடவிட வந்த மற்ற கார் அப்பாக்களோடு நின்றுகொண்டார். அவர்களும் தினமும் கடுமையாக உழைத்தார்கள். யார் வண்டி லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று பேசிப் பேசியே அவர்களுக்கு வியர்த்துவிடும்.

இந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் நடக்கும் பயிற்சி முகாமுக்கு அக்காவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஹாஸ்டலில் தங்க வேண்டும். அப்பா தீர யோசித்துப் பதில் சொன்னார்.

"அங்கே தினம் கார்ல யார் கொண்டு விடுவா?"

"ஹாஸ்டல் வாசல்லயே கிரவுண்டுப்பா."

"வாசல்லேந்தா? கிடையவே கிடையாது. அமெரிக்கா வரன் வந்திருக்கு. வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். அங்கே போய் ஓடிக்கோ. அங்கே ஒவ்வொருத்தருக்கும் ஒரு கார்."

அக்கா அழவில்லை. அதுதான் எனக்கு முதல் பயம்.

இன்று காலை அவள் முதுகில் மாட்டுகிற பெரிய பை ஒன்றை எடுத்துக்கொண்டாள். மாடியிலிருந்து கார் வரைக்கும் அதை அப்பாதான் தூக்கி வந்தார்.

"என்னடி இது, இந்தக் கனம் கனக்கறது?"

"கனத்தோட ஓடினா கால் பலமாகும்பா."

"பேஷ்!"

பின் சீட்டில் அக்கா என் காதில் சொன்னாள்: "மாளு, எப்பவும் திரும்பற மாதா கோயில்கிட்ட இன்னிக்கு நான் திரும்ப மாட்டேன். நேரா பஸ் ஸ்டாண்டு, அங்கேந்து சென்ட்ரல். சாயங்காலம் வரைக்கும் வாயைத் திறக்காதே." நான் வாயைத் திறக்கவில்லை.

பீச்சில் அப்பா தன் கையாலேயே அந்தப் பையை அவள் முதுகில் மாட்டிவிட்டார். பட்டையை இழுத்துச் சரி செய்தார். மற்ற அப்பாக்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "வெயிட் ட்ரெய்னிங். ஃபாரின்ல எல்லாம் இப்படித்தான்." அக்கா ஓடினாள். அப்பா கைதட்டி, "இன்னும் வேகம்! இன்னும் வேகம்!" என்று கத்தினார். அப்பா சொல்லி அக்கா கேட்காமல் இருந்ததே இல்லை.

வெயில் ஏறிய பிறகு மீன்கார அம்மாதான் வந்து சொன்னாள். "உம் பொண்ணு அப்பவே பஸ் ஏறிக்கினு பூட்சு நைனா. டாட்டா கூட காட்டுச்சு."

இப்போது சாயங்காலம். ஹாலில் வேதாந்தம் மாமா விசாரணை நடத்துகிறார்.

"எங்கேந்து ஓடினா? முதல்ல அதைச் சொல்லுங்கோ."

"பீச்சுலேந்து" என்கிறார் அப்பா.

"வாசல்லேந்து இல்லையே?"

"இல்லை. நான்தான் கார்ல கொண்டு விட்டேன்."

மாமா பெருமூச்சு விடுகிறார். "அப்பாடா! அப்போ நம்ம ஃபிளாட்லேந்து யாரும் ஓடலை. மினிட்ஸ்ல அப்படியே எழுதிடறேன்."

"எழுதறது இருக்கட்டும். யாரோட ஓடினா?" என்கிறாள் அத்தை. "ஏய் மாளவிகா! இங்கே வா!"

கூப்பிட்டுவிட்டார்கள். போய் நின்றேன்.

"யாரோடயும் இல்லை அத்தை. பெங்களூர் கேம்புக்குப் போயிருக்கா. எண்ணூறு மீட்டர் தனியாத்தான் ஓடணும்."

யாரும் நம்பவில்லை. அப்பா மட்டும் ஷோகேசைப் பார்த்துக்கொண்டே, எனக்குப் பழக்கமில்லாத சின்னக் குரலில் கேட்டார்.

"திரும்பி வருவாளா?"

"தெரியலைப்பா. வாசல்லேந்து ஓடினப்போ பாலை வாங்கிண்டு திரும்பி வந்தா. நீங்க கார்ல கொண்டு விட்டப்போதான் போயிட்டா."