வீட்டில் தோமு மட்டும்

தலைநகரத்தில் கல்வி அமைச்சர் மாறினால் பாடத்திட்டமும் மாறும். ஒருவர் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இங்கிலீஷ் என்றார். அடுத்தவர் சந்தையில் பேசுகிற கலப்பு மொழியான டோக் பிசினே போதும் என்றார். இப்போது வந்தவர், முதல் வகுப்புகளில் அந்தந்த ஊர்ப் பிள்ளைகள் வீட்டில் பேசும் மொழியிலேயே சொல்லிக்கொடுங்கள் என்று உத்தரவு போட்டுவிட்டார். உத்தரவு மலையேறித் தோமு ஊருக்கு வந்து சேர்வதற்குள் இவரும் மாறிவிடுவாரோ என்ற பயத்தில், பள்ளிக் குழுத் தலைவர் யாசம் அவசரமாக ஒரு பன்றியை அடித்தார்.

பன்றி அடித்தால் கூட்டம் தானாகக் கூடும். கறி வெந்துகொண்டிருக்கும்போதே யாசம் எழுந்து, இனி நம் பள்ளிக்கூடம் நம் பாட்டன்மார் பேசிய தோமு மொழியைத்தான் பேசும் என்று அறிவித்தார். ஆம்பளைகள் ஆமோதித்தார்கள். யார் டீச்சர்? அந்த மொழி தெரிந்து, பத்தாவது தேறியவராக இருக்க வேண்டும் என்பது உத்தரவு. எல்லாரும் யாசத்தைப் பார்த்தார்கள். யாசம் அடக்கத்தோடு தரையைப் பார்த்தார். அந்த அடக்கத்தை அவர் காலையிலிருந்து பழகி வைத்திருந்தார்.

மழை விட்டதும் இன்ஸ்பெக்டர் வருவார். பிள்ளைகளிடம் தானே பேசிப் பார்த்து, அவர்கள் எந்த மொழியில் பதில் சொல்கிறார்களோ அதையே பள்ளி மொழியாக எழுதிக்கொண்டு போவார். தோமு அப்பனுக்குப் பிறந்தது தோமுதானே பேசும்? இருந்தாலும் காபந்துக்கு யாசம் ஒரு சட்டம் போட்டார். இன்ஸ்பெக்டர் வரும்வரை பிள்ளைகளிடம் யாரும் வேறு மொழி பேசக் கூடாது.

சட்டம் பெண்களுக்காகத்தான். சொந்தக் குலத்தில் பெண் எடுக்கக் கூடாது என்பதால் தோமு ஆம்பளைகள் அத்தனை பேரும் ஆற்றுக்கு அக்கரையில் சாரோவில்தான் கட்டினார்கள். அந்தப் பெண்கள் பேசுவதும் சாரோதான். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த மொழியில் யாசம் கற்றது வசவுகளை மட்டும். அதனால் அது மிக வளமான மொழி என்று நம்பிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மனைவி சிபோராவிடம், இருவருக்கும் பொதுவான டோக் பிசினில், சட்டத்தைச் சொன்னார். சேப்பங்கிழங்கு சுரண்டிக்கொண்டிருந்தவள் சண்டைக்கு வரவில்லை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

"நல்ல சட்டம் தோபியா அப்பா. ஒண்ணே ஒண்ணு. உங்க மொழியில தண்ணிக்கு என்ன வார்த்தை?"

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"தெரியும். வாயால சொல்லலாமா? அது மாமா பேராச்சே."

எதிர் வீட்டு ஏணிப்படியில் யாசத்தின் அப்பா பாக்கு மென்றுகொண்டிருந்தார். வாழவந்த பெண் புருஷன் வீட்டுப் பெரியவர்கள் பேரைச் சொல்லக் கூடாது. அதே பேருள்ள பொருளின் பேரையும் சொல்லக் கூடாது. சொன்னால் அந்தப் பெரியவர் அப்புறம் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்.

"நெருப்பு உங்க பெரியப்பா. கிழங்கு உங்க அண்ணன். தூக்கம்னு ஒரு சித்தப்பா வேற இருக்காரு, நான் என்ன செய்ய?"

அப்படியானால் இத்தனை வருஷம் பிள்ளைகளிடம் எந்த மொழியில் பேசினாய் என்று யாசம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "இப்ப என்ன பண்றது?" என்று மட்டும் கேட்டார்.

"நீங்கதான் பேசணும். நான் வாயே திறக்கல. தலைவர் வீட்டுலயே சட்டத்தை மீறினா ஊரு சிரிக்காதா?"

மறுநாள் ஊரில் ஒரு பெண்ணும் பிள்ளைகளிடம் வாய் திறக்கவில்லை. சட்டத்துக்கு அப்படி ஒரு மரியாதையைத் தோமு அதுவரை கண்டதில்லை. பிள்ளைகளை அப்பன்மாரிடம் விட்டுவிட்டு, எல்லாரும் சிரித்தபடி தோட்டத்துக்குப் போனார்கள். எழுப்புவது, குளிக்க விரட்டுவது, யார் யாரை முதலில் கடித்தது என்று விசாரிப்பது எல்லாம் ஆம்பளைகள் தலையில் விழுந்தது. யாசம் நல்ல தோமு மொழியில் தண்ணீர் கொண்டு வரச் சொன்னார். மூத்தவன் தோபியா தொடங்கி அவருடைய நாலு பிள்ளைகளும் வேற்று நாட்டு ரேடியோவைக் கேட்பதுபோல் கேட்டார்கள். கடைக்குட்டி அப்பாவின் கன்னத்தைப் பரிவோடு தட்டி, சாரோவில் ஏதோ ஆறுதல் சொன்னாள்.

யாசம் அண்ணன் வீட்டுக்கு ஓடினார். அங்கேயும் அதே கதை. தோமுவில் தோமு பேசுகிற பிள்ளை ஒன்றுகூட இல்லை. ஆனால் பன்றியைத் தின்றாகிவிட்டதே, சட்டத்தை எப்படித் திரும்பப் பெறுவது?

ஒரு வாரத்தில் ஆம்பளைகளே திரண்டு வந்தார்கள். முன்னால் நின்றவன் பங்காளி குவாரே. கண் உள்ளே போயிருந்தது.

"என் பொண்ணு வயித்து வலின்னு அழுதிருக்கா, தலைவரே. நான் பல்லுக்கு மருந்து போட்டுட்டேன். சட்டத்த எடுங்க. இல்லன்னா நீங்களே வந்து என் வீட்டுல பேசுங்க."

யாசம் சிபோராவிடம் போனார். பிள்ளைகளிடம் கொஞ்சம் பேசேன் என்றார்.

"எந்த மொழியில?"

"உன் மொழியிலதான்."

"இத புருஷனா சொல்றீங்களா, தலைவரா சொல்றீங்களா?"

"ரெண்டுமாத்தான்."

"தலைவர்னா கூட்டத்துல சொல்லணும். கூட்டம்னா பன்றி வேணுமே."

இன்னொரு பன்றி போயிற்று.

மழை விட்டது. இன்ஸ்பெக்டர் வந்தார். பிள்ளைகள் சாரோவில் கிளிக்கூட்டமாய்க் கத்தினார்கள். பள்ளி மொழி சாரோ என்று எழுதிக்கொண்டு, சாரோ தெரிந்து பத்தாவது தேறியவர் யாராவது உண்டா என்று கேட்டார். யாசம் உதட்டைப் பிதுக்கினார். சிபோரா தன் நூலால் பின்னிய தோள்பையிலிருந்து சான்றிதழை எடுத்து நீட்டினாள். கல்யாணத்தோடு அவள் படிப்பை ஊரே மறந்திருந்தது. அவள் மறக்கவில்லை. மார்க் யாசத்தைவிடக் கூடுதல்.

இன்ஸ்பெக்டர் உத்தரவின் கடைசிப் பக்கத்தையும் வாசித்தார். பள்ளி மொழி தெரியாத தகப்பன்மார் வீட்டுப்பாடத்துக்கு உதவும் அளவுக்குத் தேறும்வரை பிள்ளைகளோடு வகுப்பில் உட்கார வேண்டும். குழுத் தலைவர் முன்னுதாரணமாக இருப்பது நல்லது என்று புது டீச்சர் அபிப்பிராயப்பட்டார்.

திங்கட்கிழமை சிபோரா பலகையில் நண்டு வரைந்து, குச்சியால் தட்டினாள். பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள். கடைசி வரிசைச் சின்ன பெஞ்சில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தவர் உதட்டை மட்டும் அசைத்தார்.

"தோபியா அப்பா, நீங்க மட்டும் தனியா சொல்லுங்க."

பக்கத்திலிருந்த கடைக்குட்டி அப்பாவின் காதில் விடையை ஓதினாள். அவரும் உரக்கச் சொன்னார். விடை சரிதான். ஆனால் கேட்டுச் சொன்ன குற்றத்துக்காக, புதிய பாடத்திட்டத்தின் முதல் நாளிலேயே வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரே ஆள், தோமு பள்ளிக் குழுத் தலைவர்தான்.