பெண் பார்க்க வந்தவர்களும் யாழ் மண்டலத்து மோதிரமும்

அரைகுறையாகத் தெரிந்த விஷயத்தைத்தான் மனிதர்கள் அடித்துப் பேசுவார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நான் பேசினேனே, அதைப் போல.

சரவணம்பட்டியில் என்னோடு வேலை பார்த்த செந்திலைத்தான் கட்டிக்கொள்வது என்று நான் முடிவு செய்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பாக்கி இருந்தது அவனைப் பெற்றவர்களின் சம்மதம் மட்டும். (மட்டும்!) ஆவணி மாதம், விளக்கு வைத்த நேரம். பஜ்ஜி, காபி முடிந்ததும் செந்திலின் அம்மா, "அம்மணிக்குப் பொழுதுபோக்கு என்னுங்க?" என்றார். "நெபுலா பாக்கறதுங்க அத்தை" என்று சொல்லி, அத்தனை பேரையும் மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டேன்.

டெலஸ்கோப் வாங்கி மூன்றே வாரம். யாழ் நட்சத்திர மண்டலத்தில், வேகா நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, பட்டியலில் எம் 57 என்று குறித்திருக்கும் மோதிர நெபுலா என்ற வாயு மேகத்தைத் தேடினேன். நடுவில் ஓட்டையோடு பளிச்சென்று ஒரு வளையம்! மங்கலாகத்தான் தெரியும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. என் கண்ணுக்குக் கூர்மை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை பார்த்தார். "உளுந்துவடையாட்டம் இருக்குதுங்க. என்னதுங்க இது?"

"செத்துட்டிருக்கற நட்சத்திரமுங்க அத்தை. மேல இருக்கற வாயுவையெல்லாம் இப்படி ஊதித் தள்ளிரும்."

"நல்ல காரியம் பேச வந்த எடத்துல சாவைக் காட்டறீங்களே, கண்ணு!"

என் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். செந்தில் தண்ணீர்த் தொட்டியை ஆராய ஆரம்பித்தான். கல்யாணம் நின்றே போச்சு என்று முடிவு கட்டிவிட்டேன்.

செந்திலின் அப்பா அப்போதுதான் குனிந்து பார்த்தார். லேத் பட்டறை வைத்திருப்பவர், ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். குமிழை மெள்ள ஒரு திருகு. இன்னும் அரைத் திருகு.

"சரசு, இங்க வந்து பாரு. சாகவும் இல்ல ஒண்ணும் இல்ல, ஜம்முனு மின்னுது" என்று அத்தையைக் கூப்பிட்டவர், என் பக்கம் திரும்பி, "போகஸ்தான் சரியில்லீங்க, அம்மணி" என்றார்.

வளையம் சுருங்கி ஒரே புள்ளியாகியிருந்தது. அது வேகாவேதான்! போகஸ் பிசகினால் என் டெலஸ்கோப்பில் எந்த நட்சத்திரமும் நடுவில் ஓட்டையோடு வளையமாகத்தான் தெரியுமாம். இத்தனை நேரம் நான் சாகடித்துக்கொண்டிருந்தது உயிரோடிருந்த நட்சத்திரத்தை. மானம் கப்பலேறிவிட்டது. ஆனால் அத்தை முகம் மலர்ந்துபோனது. "உசுரு வந்துருச்சுங்க! நல்ல சகுனமுங்க" என்றார். கீழே இறங்கியதும் நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள். எனக்குச் சந்தோஷத்தில் இன்னொரு தட்டு பஜ்ஜி இறங்கியது.

போன வாரம், புகுந்த வீட்டு மொட்டைமாடியில் நிஜ எம் 57 அகப்பட்டது. சின்னதாக, மங்கலாக, ஊதிவிட்ட புகை மாதிரி. குமிழை எப்படித் திருகினாலும் வளையம் வளையமாகவே நின்றது. பெருமை தாங்காமல் அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, மாடிப்படிப் பக்கம் திரும்பி மாமாவுக்குக் குரல் கொடுத்தார்.

"ஏனுங்க, சீக்கிரம் மேல வாங்க! இங்க இன்னொண்ணு இழுத்துட்டுக் கெடக்குதுங்க!"