புரட்டாசிக்கு முந்தின நாள் ஆட்டுக்கறி

மலேசியா தினம் லீவுக்கு குடும்பத்தோட கோலாலம்பூர் போனோம். எங்க சாப்பிடுறதுன்னு முடிவு பண்ற வேலை என்னோடது.

யாரும் அந்த வேலைய எங்கிட்ட குடுக்கல. நானே புடுங்கிக்கிட்டேன். காரணம் இருக்கு.

மறுநாள் புரட்டாசி ஒண்ணு.

எங்க வீட்டுல புரட்டாசின்னா மாசம் பூரா சைவம். முட்டை கூட கிடையாது. போன வருஷம் நானும் இருந்தேன் மக்களே! இருபத்தி ரெண்டு நாள் ஒழுங்கா இருந்தேன். இருபத்தி மூணாவது நாள் ஆபீஸ்ல யாரோ சாத்தே, அதான் குச்சியில குத்தி சுட்ட கோழிக்கறி, வாங்கிட்டு வந்துட்டாங்க. ஒரே ஒரு குச்சிதான் எடுத்தேன். சரி, ஏழு குச்சி. கூட வேலை செய்யுற ஒருத்தி அத போட்டோ புடிச்சு பேஸ்புக்ல போட்டுட்டா.

அத மொதல்ல பாத்தது யாருன்னு நெனைக்கிறீங்க? என் வீட்டுக்காரரோட அக்கா. பாகான் டத்தோவுல தென்னந்தோப்புக்கு பக்கத்துல இருக்காங்க. அங்க லைன் கிடைக்காது, மழை பேஞ்சா கரண்ட் போயிரும். ஆனா என் போட்டோ மட்டும் போய் சேந்துருச்சு.

உடனே போன் வந்துச்சு. "மாலா, கையில என்னமா அது? ஊதுபத்தியா?"

நல்ல மனுஷிதான். ஆனா அந்த ஊதுபத்திய ஒரு வருஷமா விடல. தீபாவளிக்கு கேட்டாங்க. பொங்கலுக்கு கேட்டாங்க. எங்க மாமா வீட்டு கல்யாணத்துல பந்தியில வச்சு கேட்டாங்க. ரோஷம் வந்துருச்சு எனக்கு. இந்த வருஷம் அவங்க முன்னாடியே சாமி மேடையில சூடம் அடிச்சு சத்தியம் பண்ணிட்டேன். மாசம் பூரா என் வாயில கறி படாதுன்னு.

சத்தியம் பண்ணி முடிச்ச அடுத்த நிமிஷமே எனக்கு ஆட்டுக்கறி பெரட்டல் ஞாபகம் வந்துருச்சு.

வீட்டுலயே ஆக்கி சாப்பிட்டுருக்கலாமேன்னு கேப்பீங்க. எங்க ஆக்குறது? அக்கா ரெண்டு நாள் முன்னாடியே ஈப்போவுக்கு வந்து, முன்ன நின்னு வீட்ட கழுவி, கறி சட்டியெல்லாம் கட்டி ஸ்டோர்ல போட்டு பூட்டிட்டாங்க. இனிமே கறின்னா வெளியதான். அந்த லீவு நாள விட்டா எனக்கு வேற நாளே இல்ல.

அக்கா இதுவரைக்கும் ரெட்டை கோபுரத்த கிட்ட போய் பாத்ததில்லையாம். பத்துமலைக்கும் போகணுமாம். "அதுக்கென்னக்கா, போலாம்"னு நான்தான் குதிச்சேன். எனக்கு கோபுரமும் தெரியல, மலையும் தெரியல. மத்தியானம் வாழை இலைதான் தெரிஞ்சுச்சு.

ஒரு வாரமா ஆபீஸ்ல வேலை செய்யாம பிளான் போட்டேன். காலையில ஏழு மணிக்கு கிளம்பணும். ஒன்பதரைக்கு பத்துமலை. கறி சாப்பிட்டுட்டு கோயிலுக்கு போகக் கூடாதுல்ல, அதனால சாமி மொதல்ல. அப்புறம் கோபுரம். சரியா பன்னெண்டரைக்கு பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு வாழை இலை சாப்பாட்டு கடையில இலை முன்னாடி உக்காந்துடணும். அந்த கடை நெறஞ்சிருந்தா ரெண்டாவது கடை. அதுவும் இல்லன்னா மூணாவது கடை. அட்ரஸ் எல்லாம் எழுதி குடும்ப குரூப்ல போட்டேன். கீழ ரெண்டு கண்டிஷன் வேற.

ஒண்ணு, காலையில யாரும் பசியாறக் கூடாது, வயித்த காலியா வச்சுக்கணும். ரெண்டு, யாரும் கட்டுச்சோறு கட்டிட்டு வரக் கூடாது. கோபுரத்துக்கு கீழ உக்காந்து சட்டிய தொறந்தா மானம் போயிரும்.

அக்கா அதுக்கு ஒரு கும்பிடு பொம்மை போட்டாங்க. சரின்னு அர்த்தம்னு நெனைச்சேன்.

ஏழு மணிக்கு கிளம்பணும்னு சொன்னேனா? எட்டே முக்காலுக்கு கிளம்பினோம். என் வீட்டுக்காரர் குணா காடிய, அதான் கார, கழுவிட்டுதான் எடுப்பேன்னு நின்னாரு. மக தர்ஷினி தலை முடிய நேராக்கிட்டு இருந்தா. அக்கா ஒரு பெரிய பைய தூக்கிட்டு வந்தாங்க.

"என்னக்கா இது?"

"மாத்து துணி மாலா. வயசாச்சுல்ல."

நானும் நம்பிட்டேன்.

ஹைவேயில சரியான ஜேம், வண்டி நகரவே இல்ல. லீவுல்ல! தஞ்சோங் மாலிம் தாண்டறதுக்குள்ள எனக்கு வயிறு கூவ ஆரம்பிச்சுருச்சு. சின்னவன் கவின் பின்னாடி இருந்து, "அம்மா, ஒரு ரொட்டி சானாய் மட்டும்"னு அழுவுறான். "வாய மூடு, மத்தியானம் பாரு"ன்னு அதட்டினேன். அவனுக்கு ஒன்பது வயசு. இப்ப நெனைச்சா பாவமாதான் இருக்கு.

அப்புறம் குணா பத்துமலைக்கு திரும்புற எடத்த விட்டுட்டாரு. பேசிக்கிட்டே நேரா டவுனுக்குள்ள போயிட்டாரு.

"பரவால்லலா. கோபுரத்த மொதல்ல பாப்போம், அப்படியே சாப்பிடுவோம், திரும்பி போற வழியில கோயிலு"ன்னாரு.

எனக்கு ரொம்ப சந்தோஷம். இந்த மனுஷன் பதினேழு வருஷத்துல மொத தடவையா ஒரு நல்ல யோசனை சொல்றாருன்னு நெனைச்சேன்.

பின் சீட்டுல இருந்து அக்கா மெதுவா கேட்டாங்க. "ஆட்டுக்கறிய தின்னுட்டா முருகன பாக்க போற?"

குணா ரோட்ட மட்டும் பாத்து ஓட்டினாரு.

ஆக கோபுரம் பாத்துட்டு, சாப்பிடாம, வந்த வழியே திரும்பி பத்துமலைக்கு போனோம். மணி ஒண்ணேகால். நான் பிளான்ல போட்ட நேரத்துக்கு எனக்கு முன்னாடி இலை இருந்துருக்கணும். எனக்கு முன்னாடி படிக்கட்டுதான் இருந்துச்சு.

அக்கா பதினஞ்சு படிக்கு ஒரு தடவ நின்னு கும்பிட்டாங்க. நடுவுல ஒரு கொரங்கு வந்து கவின் கையில இருந்த வாழைப்பழத்த புடுங்கிட்டு போச்சு. அந்த கொரங்க பாத்து நான் பொறாமைப்பட்டேன் மக்களே, பொய் சொல்லல.

மேல போய் சாமி முன்னாடி கண்ண மூடி நின்னேன். மத்தவங்க மகளுக்கு படிப்பு, புருஷனுக்கு ஆயுசுன்னு வேண்டுவாங்க. நான், "முருகா, நாங்க போற வரைக்கும் மட்டன் முடிஞ்சிறக் கூடாது"ன்னு வேண்டினேன். அவருக்கு கேட்டிருக்கும். அதான் கோவம் வந்துருச்சு.

மூணரைக்கு மொத கடை. வாசல் வரைக்கும் கியூ! எனக்கு அப்பதான் உறைச்சுச்சு. நாளைக்கு புரட்டாசின்னா எனக்கு மட்டுமா புரட்டாசி? நாட்டுல உள்ள அத்தனை பேரும் கடைசியா ஒரு வாய் சாப்பிட கிளம்பிட்டாங்க.

முன்னாடி நின்ன ஆளு திரும்பினாரு. பாத்தா ஈப்போவுல எங்க தாமான்ல, எங்க குடியிருப்புலயே, மூணாவது வீட்டுக்காரரு!

"என்னக்கா, நீங்களும் இங்கயா?"

"ஆமாண்ணே. நம்ம ஊர்லயும் இப்படித்தான் கூட்டமா?"

"எங்க கூட்டம்? நம்ம கடையில அண்டா நெறைய கறி இருக்காம், ஆளையே காணோமாம். என் மச்சான் இப்பதான் போன் பண்ணான். எல்லாரும் கேஎல் வந்துட்டோம்ல!"

அப்படியே தலையில கைய வச்சேன். எங்க வீட்டுல இருந்து அந்த கடைக்கு அஞ்சு நிமிஷம்.

உள்ள போனா சர்வர் வந்து, "மட்டன் ஹபிஸ்க்கா, முடிஞ்சிருச்சு. கோழி இருக்கு"ன்னாரு.

குணா உடனே உக்காந்துட்டாரு. "கோழி போதும்லா, சாப்பிடுவோம்."

"கோழி திங்கவா இருநூறு கிலோமீட்டர் வந்தோம்? எந்திரிங்க!"

எந்திரிச்சாங்க. எல்லாருமே ஒரு மாதிரியா என்ன பாத்துக்கிட்டே எந்திரிச்சாங்க. அந்த எடத்துல நான் உக்காந்து கோழிய சாப்பிட்டுருந்தா இந்த கதையே கிடையாது.

ரெண்டாவது கடையில மட்டனும் இல்ல, கோழியும் இல்ல. மீன் தலை மட்டும் இருந்துச்சு. "மீனுக்கு என்னம்மா கொறச்சல்?"னா தர்ஷினி. மொறச்சு பாத்தேன். திரும்ப காடியில ஏறினோம்.

மூணாவது கடைக்கு போறப்ப மணி நாலே முக்கால். பார்க்கிங் இல்ல. "நீங்க காடியிலயே இருங்க, நான் மட்டும் போய் பாத்துட்டு வாரேன்"னு இறங்கி ஓடினேன்.

கடையில மேசையெல்லாம் தொடச்சுக்கிட்டு இருந்தாங்க. கல்லாவுல இருந்த அண்ணன் கைய விரிச்சாரு. "எல்லாம் முடிஞ்சிருச்சுக்கா."

அழுகையே வந்துருச்சு. அப்பதான் பாத்தேன், அவருக்கு பின்னாடி ஒரு பிரியாணி பொட்டலம். தனியா, ஒத்தையா, எனக்குன்னே உக்காந்துருக்கு.

"அண்ணே, அது?"

"அது வேற ஒருத்தர் போன்ல சொல்லி வச்சது."

"எப்ப வாரேன்னாரு?"

"மூணு மணிக்கு."

"இப்ப அஞ்சு மணி ஆகப் போவுது! அவரு வர மாட்டாருண்ணே. எனக்கு குடுங்க."

"குடுக்கலாம்க்கா, ஆனா அதுல..."

"அண்ணே, ஈப்போவுல இருந்து வாரேன்! காலையில இருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல!"

"இல்லக்கா, நான் சொல்ல வர்றத..."

"ஒண்ணும் சொல்லாதீங்க! புள்ளைங்க காடியில பசியில கெடக்குதுங்க! குடுங்கண்ணே!"

பாவம், அந்த மனுஷன் பொட்டலத்த எடுத்து கையில குடுத்துட்டாரு. அவரு வாய் இன்னும் ஏதோ சொல்லிக்கிட்டுதான் இருந்துச்சு. நான் காச வச்சுட்டு, யாராச்சும் புடுங்கிருவாங்களோன்னு ஓடியே வந்துட்டேன்.

காடி கதவ தொறந்து, "கெடைச்சுருச்சு! ஒரே பொட்டலம்தான். ஆளுக்கு ஒரு வாய்!"னு கத்தினேன்.

யாரும் கைய நீட்டல.

"நீயே சாப்பிடு மாலா. ஆசைப்பட்டு வந்த"ன்னாங்க அக்கா.

"ஆமாம்மா, எங்களுக்கு பசியே இல்ல"ன்னா தர்ஷினி.

கவின் கூட வேணாம்னுட்டான். காலையில ரொட்டி சானாய்க்கு அழுத புள்ள!

என்ன குடும்பம் இது! நான் இவ்ளோ பாடுபடுத்தியும் எனக்காக விட்டுக் குடுக்குதுங்களேன்னு கண்ணு கலங்கிருச்சு. ஆற அமர உக்காந்து சாப்பிடலாம்னு பொட்டலத்த மடியில வச்சுக்கிட்டு, கண்ணாடிய இறக்கிட்டு வெளிய பாத்துக்கிட்டே வந்தேன். காடிக்குள்ள லேசா புளி வாசம் அடிச்சுச்சு. அத கூட நான் யோசிக்கல.

தாப்பா ரெஸ்ட் ஏரியாவுல நிறுத்தினோம். அவங்கல்லாம் தேத்தண்ணி வாங்கிட்டு வந்து சுத்தி உக்காந்தாங்க. நான் கைய கழுவிட்டு பொட்டலத்த பிரிச்சேன். ஆஹா! கருகருன்னு மசாலா புடிச்ச துண்டு ஆறு இருந்துச்சு.

தர்ஷினி போன தூக்கிட்டா. "அம்மா, எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

வாய் நெறைய போட்டுக்கிட்டு சொன்னேன். "இதுதான் ஆடு! என்ன பதம் பாரு! நாக்குல வச்சா கரையுது. நம்ம ஊர்ல போடுறாங்களே, அதெல்லாம் கறியா? ஒரு மாசத்துக்கு இந்த ருசி எனக்கு தாங்கும்."

ஒரு துண்ட எடுத்து அக்கா கையில வச்சேன். அக்கா மென்னு பாத்துட்டு, "நல்லாத்தான் இருக்கு மாலா. எலும்பே காணோமே?"ன்னாங்க.

"அக்கா, இது கேஎல். எலும்பெல்லாம் எடுத்துட்டுதான் போடுவாங்க."

ஒரு பருக்கை விடாம வழிச்சு சாப்பிட்டேன். தர்ஷினி காகிதத்த மடிச்சு குப்பையில போட எடுத்தா. எடுத்தவ அப்படியே நின்னுட்டா.

"அம்மா. பின்னாடி ஏதோ எழுதிருக்கு."

"என்ன எழுதிருக்கு?"

"சாயூர்னு எழுதிருக்கும்மா."

நீல மார்க்கர்ல, பெரிய எழுத்துல. சாயூர். மலாய்ல மரக்கறின்னு எழுதிருந்தாங்க! எவரோ ஒரு புண்ணியவான், ஒரு நாள் முன்னாடியே விரதத்த ஆரம்பிச்சவரு, தனியா சொல்லி வச்ச சைவப் பிரியாணி அது. நான் ஆடுன்னு கொண்டாடினது சோயாவுல செய்யுற சைவக்கறி. கல்லா அண்ணன் மூணு தடவ சொல்ல வந்தது அதத்தான்.

யாரும் சிரிக்கல. சிரிக்காம இருக்குறதுக்கு ரொம்ப கஷ்டப்பட்டாங்க. மொதல்ல கவின்தான் ஒரு ஏப்பம் விட்டான்.

நான் திரும்பி பாத்தேன். அவன் சட்டையில ஒரு கருவேப்பிலை ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

"டேய், நீ என்னடா சாப்பிட்ட?"

"அத்தை குடுத்த புளிச்சோறு. நீங்க கடையில சண்டை போட்டப்ப. உருளைக்கெழங்கும் இருந்துச்சும்மா, நல்ல ருசி."

அக்காவோட மாத்து துணி!

"ஒரு வாய் கூட மிச்சம் வைக்கலையாக்கா?"

"நீதான் கட்டுச்சோறு வேணாம்னு கண்டிஷன் போட்டியே மாலா"ன்னாங்க. தேத்தண்ணிய ஒரு மடக்கு குடிச்சாங்க. "ஆனா ஒண்ணு. ஊதுபத்திக்கு இது எவ்வளவோ பரவால்ல."

அதுக்கு மேல குணாவால தாங்க முடியல. கண்ணுல தண்ணி வர சிரிச்சுட்டு, ஆறுதல் சொல்றாராம். "கவலைப்படாத மாலா. இந்த மாசம் உனக்கு கஷ்டமே இருக்காது. உனக்குத்தான் வித்தியாசமே தெரியலையே!"

நாங்க ஈப்போ வந்து சேர்றதுக்குள்ள தர்ஷினி எடுத்த வீடியோ குடும்ப குரூப்ல ஏறிருச்சு.

சத்தியத்த மட்டும் காப்பாத்திட்டேன் மக்களே. ஊருக்கெல்லாம் புரட்டாசி ஒரு மாசம், எனக்கு மட்டும் ஒரு மாசமும் ஒரு நாளும்.