மாண்புமிகு உறுப்பினர் அவசரப்பட்டுக் குடித்த காபி

பெருமதிப்புக்குரிய பெரியப்பா மகன், எங்கள் குலத்தின் மூத்தவர், அண்ணன் அபூ நாயிஃப் அவர்களுக்கு, உம்முல் லவ்ஸ் கிராமத்திலிருந்து தம்பி முஃப்லிஹ் சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அம்மானில் தாங்களும் அண்ணியாரும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருக்க அல்லாஹ் அருள்வானாக. தங்கள் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே நானும் என் மனைவியும் பதினான்கு ஆடுகளும் நலம். வருகிற வெள்ளிக்கிழமை என் மகன் மாஹிருக்குக் கல்யாணம். தாங்கள் குடும்பத்தோடு வந்து நடத்திக்கொடுக்க வேண்டும். இந்தக் கல்யாணம் பதினெட்டு மாதம் முன்பே நடந்திருக்க வேண்டியது என்பதையும், இவ்வளவு தாமதமானதற்கு முழுக் காரணம் தாங்கள்தான் என்பதையும் மிகுந்த பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

கோபப்படாதீர்கள், அண்ணன். தேர்தலுக்கு முன்னால் எங்கள் ஊருக்கு வந்து, "நம்ம ஆளுடா, கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவான்" என்று சொல்லி, குலத்து ஓட்டு முந்நூற்று எழுபதையும் அந்த ஃபவ்வாஸுக்குப் போடச் சொன்னது தாங்கள்தானே? ஓடி வருகிறார், நான் மறுக்கவில்லை. சாவு வீடு என்றால் சவப்பெட்டிக்கு முன்னால் வந்து நிற்கிறார். போன வருடம் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய ஒரு பெரியவரைப் பார்க்க ஆட்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அதைக் காரிலிருந்து பார்த்தவர் சாவு வீடு என்றே நினைத்துச் சடாரென்று இறங்கி, கட்டிலில் கிடந்த அந்தப் பெரியவர் கையையே பிடித்துக்கொண்டு, அவர் மறைவுக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்து, போட்டோவும் எடுத்துக்கொண்டு போனார். பதினோரு பிள்ளைகள் படிக்கிற எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தன் படம் போட்ட நாற்பது புத்தகப்பைகளை அனுப்பினார். மிச்சமான பைகளைப் பெண்கள் ஆலிவ் பறிக்க எடுத்துப் போகிறார்கள். அறுவடைக் காலத்தில் மரத்துக்கு மரம் அவர் மூஞ்சிதான் தொங்குகிறது. கிராமத்து மக்களோடு கலந்து பழகுகிறார் என்று பேப்பரில் போடுகிறார்களே, அது இதுதான் போலிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாஹிருக்கு ஓடைக்கு அந்தப் பக்கம், ஐனுத் தீன் ஊரில், அபூ தாமிர் மகள் ஷுரூக்கைப் பார்த்தோம். பெண்ணுக்கும் பையனுக்கும் பிடித்துவிட்டது. ஊர் முறைப்படி பெரியவர்கள் கூட்டமாகப் போய்க் கேட்க வேண்டியதுதான் பாக்கி. கூட்டத்துக்குத் தலைமை தாங்கத் தாங்களே போதும் என்றேன். கேட்டீர்களா? "எம்.பி. வந்து கேட்டா பொண்ணு வீட்டுக்காரன் பேச முடியுமா?" என்றீர்கள். இருபத்திரண்டு வருடம் ராணுவச் சமையல்கட்டில் எத்தனையோ அதிகாரிகள் சொன்னதைக் கேட்டுக் கெட்டவன் நான், இதையும் கேட்டேன்.

நம்மூரில் பால் குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த முறைதானே அண்ணன் இது? பெண் கேட்டுப் போனால் தலைவருக்கு முதலில் காபி தருவார்கள். அவர் அதைத் தொடாமல் கீழே வைக்க வேண்டும். வைத்தால் கோரிக்கை இருக்கிறது என்று அர்த்தம். பெண்ணின் அப்பா, "கேட்டது கெடைச்சாச்சு, காபியைக் குடிங்க" என்று சொன்ன பிறகுதான் வாயில் வைக்க வேண்டும். நம் மாண்புமிகு உறுப்பினர் அன்று இரண்டு சாவு வீட்டை முடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து இறங்கினார். இருநூறு பேர் உட்கார்ந்திருக்கிறோம். காபி வந்தது. வாங்கினார். ஒரே மடக்கு! அதோடு விட்டாரா, போதும் என்று கோப்பையை ஆட்டியும் காட்டிவிட்டு, அபூ தாமிர் கையைப் பிடித்து, சாவு வீட்டு ஞாபகத்திலேயே, "அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையைத் தரட்டும்" என்றாரே பார்க்கலாம். எனக்கு உயிரே போய்விட்டது. தாங்கள் அப்போது கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், நான் கவனித்தேன்.

அபூ தாமிர் லேசுப்பட்ட ஆளா? மெதுவாகத் தாடியைத் தடவிக்கொண்டு, "குடிச்சிட்டீங்க. அப்போ கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல. ரொம்ப சந்தோஷம், சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார்.

"இல்ல இல்ல, இன்னொரு கப் ஊத்தச் சொல்லுங்க, அதைக் குடிக்காம வச்சிடறேன்" என்கிறார் நம்ம ஆளு. சிரிப்பு கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. மாஹிர் மட்டும் சிரிக்கவில்லை.

உடனே அபூ தாமிர் தன் கோப்பையை எடுத்துக் கீழே வைத்தார். "இப்ப நான் குடிக்கல. எனக்கு ஒரு கோரிக்கை இருக்கு. முந்தின மழையில என் பொண்டாட்டிக்குப் பக்கவாதம் வந்துச்சு. ஆம்புலன்ஸ் அந்தக் கரையில லைட்டு போட்டுக்கிட்டு நின்னுச்சு, இந்தக் கரையில நான் அவள மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஓடையில தண்ணி வடிய ஆறு மணி நேரம். இன்னிக்கு வரைக்கும் அவளுக்கு வலது கை வரல. அந்த ஓடைக்கு அப்பால என் பொண்ணக் குடுத்துட்டு, மழை பேஞ்சா நான் எப்படிப் போய்ப் பார்ப்பேன்? பாலம் வேணும்." எனக்கே கண் கலங்கியது அண்ணன், உள்ளதைச் சொல்கிறேன்.

சுற்றி இருபது செல்போன் படம் பிடிக்கிறது. ஃபவ்வாஸ் என்ன செய்வார்? நெஞ்சில் கை வைத்து, "குடிங்க, அபூ தாமிர், குடிங்க! பாலம் வந்தாச்சுன்னு வச்சுக்கங்க, இது என் வாக்கு!" என்றார். அபூ தாமிர் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "பாலம் வர்ற அன்னிக்குப் பொண்ணு உங்க பொண்ணு" என்று முடித்துவிட்டார். மாஹிர் என்னைப் பார்த்த பார்வை என் விரோதிக்குக்கூட வரக்கூடாது.

அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். ஒரு மாதத்தில் பளிங்குக் கல் ஒன்று வந்தது. ஓடைக்கரையில் நட்டு, துணியை விலக்கி, கைதட்டி, ஆட்டுக்கறி மன்ஸஃப் விருந்து சாப்பிட்டார்கள். மூன்று ஆடு நான் அறுத்தேன், சோறு பொங்கினேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் கல்லைக் காணோம். அடுத்த வாரம் வேறொரு ஊரில் பள்ளிக்கூடச் சுவருக்கு அதே கல்லை நட்ட படம் வந்தது. "பாலம்" என்ற இடத்தில் காகிதம் ஒட்டி "சுவர்" என்று எழுதியிருந்தார்கள். பிறகு ஒரு என்ஜினியர் வந்தார். நாலு நாள் அளந்தார். அவர் அளந்தது நம் ஓடையை அல்ல, அதற்கு மேற்கே தண்ணீரே வராத பள்ளத்தை. சொன்னதற்கு, "அங்க பாலம் கட்டறது சுலபம்" என்றார். நான் எம்.பி. ஆபீசுக்கு ஏழு தடவை போனேன். ஏழு தடவையும், "இக்கடிதம் கொண்டு வருபவருக்கு இயன்ற உதவி செய்யவும்" என்று ஒரே கடிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். எட்டாவது தடவை அவரையே நேரில் பிடித்தேன். "ஓ, முஃப்லிஹ்! உன் சமாசாரம் என் மனசுலயே இருக்கு. அப்பா எப்ப காலமானார்?" என்றார். அப்பா போய் முப்பது வருடமாயிற்று, தங்களுக்குத் தெரியாததா.

இதற்கு நடுவில் மாஹிர் தினமும் சாயங்காலம் இந்தக் கரையில் போய் நிற்பான், அந்தப் பெண் அந்தக் கரையில் துணி காயப்போடுகிற சாக்கில் நிற்பாள். இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்வார்கள். புது அறைக்கு அடித்த சுண்ணாம்பே உரிந்துவிட்டது. "பையனுக்கு முப்பத்தோரு வயசாச்சு, அபூ மாஹிர்! எம்.பி.யைக் கூட்டிட்டு வந்த உங்க அண்ணன் வீட்டுலயே இன்னொரு பேரன் பொறந்தாச்சு" என்று என் மனைவி தினம் என் உயிரை எடுத்தாள்.

கடைசியில் மாஹிர்தான் சொன்னான்: "அப்பா, அந்த ஆள நம்பினா எனக்குப் பேரன் எடுக்கற வயசுலதான் கல்யாணம். நாமளே கட்டுவோம்." ஒரு காண்ட்ராக்டர் போட்டுவிட்டுப் போன பெரிய சிமெண்டுக் குழாய்களைக் கேட்டு வாங்கினோம். இரண்டு ஊர் ஆட்களும் சேர்ந்தார்கள், ஓய்வுபெற்ற ராணுவக்காரர்களுக்கு இங்கே பஞ்சமா? நாற்பது நாள் கல் சுமந்தார்கள், கம்பி கட்டினார்கள், நான் நாற்பது நாளும் சோறு போட்டேன். அபூ தாமிர் எதிர்க்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். செவ்வாய்க்கிழமை டிராக்டர் ஓட்டிப் பார்த்தோம். பாலம் அசையவில்லை, அண்ணன்.

ஆகவே தாங்கள் கல்யாணத்துக்கு அவசியம் வர வேண்டும். ஆனால் அந்த ஃபவ்வாஸ் வரக்கூடாது. அவர் கார் எங்கள் ஊர் எல்லைக்குள் வந்தால் நானே குறுக்கே படுப்பேன். என் அண்டாவிலிருந்து அவருக்கு ஒரு எலும்புகூடக் கிடையாது. எங்கள் பாலத்தில் அவர் செருப்புத் தூசி படக்கூடாது. இதை அவரிடம் இதே வார்த்தைகளில் சொல்லிவிடுங்கள்.

தங்களுக்கு நீண்ட ஆயுளும் அண்ணியாருக்கு நல்ல சுகமும் பேரப்பிள்ளைகளுக்கு அறிவும் தர வேண்டி துஆ செய்யும்,
அன்புத் தம்பி,
முஃப்லிஹ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரம், அபூ தாமிர் பாலத்தின் மேல் நடந்தே வந்து வாசலில் நிற்கிறார். "பாலம் நல்லா இருக்கு, முஃப்லிஹ். என் பொண்டாட்டி நேத்து இதுல நடந்து பார்த்துட்டு அழுதா. ஆனா வாக்கு குடுத்தது நீ இல்ல, அவன். இருநூறு பேர் முன்னாடி அவன் வாக்க நம்பித்தான் நான் காபி குடிச்சேன். நீங்க கட்டிட்டா, அவன் வாக்கு நிறைவேறாம என் வீட்டுல விழுந்து கெடக்குன்னுதானே அர்த்தம்? அதுக்கு மேல என் பொண்ண எப்படி அனுப்புவேன்?" என்கிறார். "அப்ப இதை இடிச்சிட்டு அவனையே கட்டச் சொல்லவா?" என்று கத்திவிட்டேன். "வேண்டாம். அதே இருநூறு பேர் முன்னாடி வந்து, இது என் பாலம்னு அவன் சொன்னா போதும். அன்னிக்கே பொண்ணு உன் வீட்டுல" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்துவிட்டார். எனவே அண்ணன், மேலே எழுதியதைத் தாங்கள் படிக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாண்புமிகு உறுப்பினரை எப்படியாவது வெள்ளிக்கிழமை கையோடு கூட்டி வந்துவிடுங்கள். அவர் ஒன்றும் செய்ய வேண்டாம். நாற்பது நாள் கல் சுமந்தவர்கள் முகத்தைப் பார்த்து, கூச்சமில்லாமல், "இந்தப் பாலத்தை நான்தான் கட்டினேன்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு வேலையை அவர் ஒழுங்காகச் செய்துவிடுவார் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்குமே நம்பிக்கை இருக்கிறது.