இருபத்தைந்து நிமிஷக் கோட்டை

மேலகரம் நம்பிராஜன் அந்தத் திங்கட்கிழமை காலை பல் தேய்க்கும்போதே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இனி இந்த உலகத்தில் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. முக்கியமாக, தன் கம்ப்யூட்டருக்காக.

நம்பிராஜனுக்கு நாற்பத்து மூன்று வயது. தென்காசியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கிளார்க். பைக்கை முப்பதுக்கு மேல் விரட்டியதில்லை. மாடு குறுக்கே வந்தால் இறங்கி நின்று வழிவிடுவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணியானால் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். கம்ப்யூட்டர் கேமில் பதினாறு சக்கர லாரி ஏறி, ஜெர்மனிக்கும் போலந்துக்கும் சரக்கு அடிப்பார். அவரோடு வரிசை கட்டி ஆறு நண்பர்களின் லாரிகள் போகும். எல்லாம் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள். ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து ஓட்டுகிறார்கள்.

வரிசை கட்டிப் போகும் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான். இவர் லாரி கிளம்புவதற்குள் அவர்கள் எல்லை தாண்டியிருப்பார்கள். காரணம், இவர் கம்ப்யூட்டரில் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க். பட்டனை அமுக்கினால் முனகும். முனகி முனகித் திரை வெளிச்சமாகப் பத்து நிமிஷம். கேம் திறக்கப் பதினைந்து நிமிஷம்.

"ஏலே நம்பி, நீ வாரதுக்குள்ள நாங்க சரக்க இறக்கி, டீ குடிச்சி, ஒரு தூக்கமும் போட்டாச்சுலே" என்று சவுதி தம்மாமிலிருந்து அப்துல் ஜப்பார் ஹெட்போனில் சிரிப்பான். அந்தச் சிரிப்பு நம்பிராஜனுக்கு வாரம் முழுக்க வலிக்கும். ஒரே ஒரு ஞாயிறாவது வரிசையில் முதல் லாரியாகப் போய்விட வேண்டும். வாழ்க்கையில் அவர் வேறு எதையும் பெரிதாகக் கேட்டதில்லை.

இதற்கு நடுவில் சீசன் வந்துவிட்டது. சாரல் ஆரம்பித்தால் குற்றாலத்துப் பக்கம் வீடு வைத்திருப்பவன் பாடு பெரும்பாடு. "தண்ணி விழுதா?" என்று போன் வந்தால், நாளைக்கு ஆள் வருகிறது என்று அர்த்தம். நம்பிராஜன் வீட்டுக்கு வருவதெல்லாம் மனைவி ஆனந்தவள்ளியின் சொந்தங்கள். அவர்களை அருவிக்குக் கூட்டிப் போனால் எல்லோரும் குளிப்பார்கள். ஒருவர் மட்டும் கரையில் நின்று துணி, போன், கண்ணாடி, வாட்ச் எல்லாவற்றையும் காக்க வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் வீட்டு மாப்பிள்ளைதான்.

"ஏங்க, ராசபாளையத்துச் சித்தி வீட்டுல எல்லாரும் வந்திருக்காவ. ஐந்தருவிக்கு ஒரு எட்டு வாங்களேன்" என்பாள் ஆனந்தவள்ளி.

"ஏட்டி, இப்ப மூடுனா திரும்பத் திறக்க இருவத்தஞ்சு நிமிசம் ஆகும். இப்பத்தான் திறந்திருக்கு."

அவள் கம்ப்யூட்டரை ஒரு பார்வை பார்ப்பாள். அது முனகும். அவள் தானே எல்லோரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவாள். மூன்று சீசன் இப்படியே ஓடியது.

பல் தேய்த்து முடிவெடுத்த அன்று சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், கம்ப்யூட்டர் கடை முஃபீத் கையைத் தட்டிக் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, இங்கன வாங்க. இன்னுமா அந்தப் பழைய டிஸ்க்க வச்சுச் சீரழியுதிய? அத எடுத்துட்டு எஸ்.எஸ்.டி.ன்னு புது டிஸ்க் ஒண்ணு போடுங்க. பட்டன அமுக்கிட்டுக் கண்ண மூடித் திறக்கதுக்குள்ள கேம் வந்து நிக்கும்."

நம்பிராஜனுக்குப் புல்லரித்தது. நினைத்ததை நினைத்த அன்றே ஒருவன் வந்து சொல்கிறான் என்றால் அது தெய்வச் செயல்தானே!

"லாரி பறக்குமாடே?"

"லாரி ஷெட்ட விட்டுச் சட்டுனு வெளிய வரும் அண்ணாச்சி. ரோட்டுல பறக்கதுக்கு இது உதவாது. அது கிராபிக்ஸ் கார்டோட சோலி."

இதில் முதல் பாதி மட்டும்தான் நம்பிராஜன் காதில் ஏறியது.

இனி ஆனந்தவள்ளியைச் சம்மதிக்க வைக்க வேண்டும். மூன்று நாள் குளியலறையில் நின்று ஒத்திகை பார்த்தார். ஆபீஸ் வேலை என்று ஆரம்பித்து, கரண்ட் மிச்சம் என்று போய், கண் கலங்கி முடிக்கிற மாதிரி ஒரு பேச்சு. நாலாம் நாள் அடுக்களை வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"ஏட்டி, இந்த எஸ்.எஸ்.டி.ன்னு ஒண்ணு..."

"போடுங்க."

"என்னது?"

"போடுங்கன்னேன். பாவம், அது முனங்குதத எத்தன நாளைக்குத்தான் கேட்டுக்கிட்டு இருப்பிய?"

பத்தொன்பது வருஷத்தில் அவள் அவரைப் பாவம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பேச்சில் கடைசியாக வைத்திருந்த கண்ணீர் நிஜமாகவே வந்துவிட்டது. இப்படி ஒருத்தியையா இத்தனை நாள் தப்பாக நினைத்தோம் என்று மனசு இளகிப் போனார். அன்றைக்கே பைக்கில் கேரள எல்லையிலுள்ள புளியறை வரை போய், அவளுக்குப் பிடித்த நேந்திரம் சிப்ஸ் ஒரு கிலோ வாங்கி வந்தார்.

சனிக்கிழமை முஃபீத் கடையில் வேலை முடிந்தது. வீட்டுக்குக் கொண்டு வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பட்டனை அமுக்கினார். திரை வெளிச்சமாகப் பன்னிரண்டு செகண்டு. கேம் திறக்க இன்னொரு இருபது. பிள்ளை பிறந்த மாதிரி நம்பிராஜன் தெருவெல்லாம் போய்ச் சொன்னார். ராசபாளையத்துச் சித்திக்குக்கூடத் தானே போன் போட்டு, "அத்தை, மொத்தமே அர நிமிசம்தான்!" என்றார். "அப்படியா மாப்ள, தண்ணி விழுதா?" என்றாள் சித்தி. சந்தோஷத்தில் அந்தக் கேள்வியின் ஆபத்து அவருக்கு உறைக்கவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணி. எல்லோருக்கும் முன்னால் நம்பிராஜன் லாரி வந்து நின்றது.

"ஏலே, நெசமாவே நம்பிதானா?" ஜப்பார் குரல் நடுங்கியது. "சரிடே, இன்னைக்கு நீதாம்லே முன்னால!"

நம்பிராஜன் நெஞ்சை நிமிர்த்திக் கியர் போட்டார். பெர்லினில் மழை. மழையில் லாரி எப்போதும்போல விக்கி விக்கித்தான் போனது. போனால் என்ன? பின்னால் ஆறு லாரிகள்! பத்து நிமிஷம் ராஜாவாகப் போனார். பதினோராவது நிமிஷம் வாசலில் வேன் வந்து நின்றது. அதிலிருந்து சித்தி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் பத்துப் பேர் இறங்கினார்கள்.

"ஏங்க, மெயினருவிக்குப் போகணும். கிளம்புங்க."

"ஏட்டி, இப்ப மூடுனா..." பழக்க தோஷத்தில் ஆரம்பித்துவிட்டார்.

"மூடுனா?"

"திரும்பத் திறக்க..."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

நம்பிராஜன் வாயைத் திறந்தார். அதற்குள் சித்தி உதவிக்கு வந்தாள். "அர நிமிசம்னு மாப்ளதான போன்ல சொன்னாவ!"

"அவ்வளவுதான? வந்து திறந்துக்கிடுங்க" என்றாள் ஆனந்தவள்ளி.

"ஏட்டி, பின்னால ஆறு லாரி நிக்குது!"

"நிக்கட்டும். புளியறை செக்போஸ்ட்ல நிக்காத லாரியா?"

அரை மணி நேரத்தில் நம்பிராஜன் மெயினருவிக் கரையில் நின்றார். இடது தோளில் ஏழு துண்டு, வலது தோளில் சேலைகள், கையில் ஒரு பை நிறையப் போன், சட்டைப் பையில் நாலு கண்ணாடி. அருவி இரைந்தது. அப்போதுதான் அவருக்கு எல்லாம் விளங்கியது. அந்தப் பழைய டிஸ்க்கின் முனகல் சனியன் இல்லை. மூன்று சீசன் அவரைக் காப்பாற்றிய கோட்டைச் சுவர். அதைத் தன் கையாலேயே கழற்றிக் கொடுத்துவிட்டார்.

பையிலிருந்து தன் போனைத் தேடி எடுத்து முஃபீத்தைக் கூப்பிட்டார்.

"முஃபீத்து, அந்தப் பழைய டிஸ்க்கையே திரும்பப் போட்டுத் தாடே."

"அத அக்கா நேத்தே வாங்கிட்டுப் போய்ட்டாவளே அண்ணாச்சி."

"எந்த அக்கா?"

"நம்ம ஆனந்தவள்ளி அக்காதான். மொதல்ல வந்து கேட்டதே அவியதான! 'மூடித் திறந்தா சட்டுனு வரணும், அதுக்கு என்ன போடணும்'னாவ. நான் எஸ்.எஸ்.டி.ன்னேன். 'அத நீங்களா சொல்லுத மாதிரி அவிய கிட்ட சொல்லுங்க'ன்னாவ."

நம்பிராஜன் போனை மெதுவாகப் பைக்குள் போட்டார். ஆனந்தவள்ளி தலைமுடியைப் பிழிந்துகொண்டே அருவியிலிருந்து வந்தாள். முகம் குளிர்ந்து போய், கல்யாணத்தன்று இருந்த மாதிரி இருந்தாள்.

"ஏட்டி, அந்தப் பழைய டிஸ்க்கு எங்க?"

"அதுவா? நார்த்தங்கா ஊறுகாச் சாடி மூடிக்கு மேல பாரமா வச்சிருக்கேன். ஊற ஒரு மாசம் ஆகும். அதுக்குன்னா அது தோதான சாமான்" என்றவள், திரும்பி அருவிக்குள் போகும்முன் நின்றாள்.

"துண்ட ஒசத்திப் பிடிங்க, நனையுதுலா."