நாலாவது பிளான்

ரோஜாப் பாத்தியின் நட்டநடுவில் ஒரு லோடு மணல் உட்கார்ந்திருந்தது.

"யாருய்யா இதை இங்க கொட்டினது?"

வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில், மணல் அள்ளிக்கொண்டிருந்த சித்தாள் பெண் கூடையும் கையுமாக நின்று மேஸ்திரியைப் பார்த்தாள். மேஸ்திரி வானத்தைப் பார்த்தார்.

"சுண்ணாம்புக் கோடு போட்டிருந்துச்சு சார். மணல் கொட்டத்தான் அளந்து விட்டிருக்கீங்கன்னு நினைச்சிட்டேன்."

"அது பாத்திய்யா, பாத்தி! இந்தப் பக்கம் ஆறு ரோஜா, அந்தப் பக்கம் தக்காளி, நடுவுல நடைபாதை. பிளான்ல எல்லாம் இருக்கு!"

முப்பத்தோரு வருஷம் நில அளவை ஆபீசில் ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து தள்ளியவர். அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அவருடைய டேப்புக்கு யாரும் கொடுக்கவில்லை. அது இன்னும் இடுப்பில்தான் தொங்கியது. வேலையாட்கள் வைத்த பெயர் 'டேப் சார்'. வீட்டைப் புதுப்பிக்க ஆரம்பித்ததும் முதலில் முன்னறையில்தான் கை வைத்தார்கள். ஜன்னல் அரை அங்குலம் சாய்கிறது என்று ஒரே சுவரை மூன்று தடவை இடிக்கவைத்தார். பத்து நாள் வேலை இரண்டு மாதம் இழுத்தது.

அடுத்தது சமையலறை என்றபோது மனைவி சொன்னாள்: "கொல்லைப்பக்கம் பூரா உங்களுக்கு. நீங்களே ஒரு தோட்டம் போடுங்க. நான் வாயே திறக்க மாட்டேன்."

முன்னறைக் கூத்துக்குப் பிறகும் தன்னை நம்பி ஒரு இடத்தை ஒப்படைக்கிறாளே என்று டேப் சார் நெகிழ்ந்துபோனார். சமையலறை முடிகிற அன்று அவள் ஜன்னலைத் திறந்தால் கண்ணில் ரோஜா பட வேண்டும். அப்போதே முடிவு செய்துவிட்டார்.

மணலை அள்ளச் சொன்னார். அள்ளினார்கள். அள்ளித் தக்காளிப் பாத்தியில் போட்டார்கள்.

சரி, தொலையட்டும் என்று இரண்டாவது பிளான் போட்டார். இந்தத் தடவை சுண்ணாம்பு கிடையாது. முளை அடித்து, கயிறு கட்டினார். மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே வந்து பார்த்தால், கயிறு போன வழியெல்லாம் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம்.

"சமையக்கட்டுத் தண்ணி போக பைப் போடணுமில்ல சார்?" என்றார் மேஸ்திரி. "உங்க கயிறு இருந்ததால வேலை சுலபமாப் போச்சு. நூல் பிடிச்ச மாதிரி என்ன ஒரு அளவு!"

அளவைப் பாராட்டினால் டேப் சாரால் கோபப்பட முடியாது. உள்ளே போய் மூன்றாவது பிளான் வரைந்தார்.

இனிமேல் கோடும் வேண்டாம், கயிறும் வேண்டாம் என்று செடிகளையே வாங்கி வந்து வரிசையாக வைத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள், பழைய சமையலறையின் ஓடுகளும் செங்கல்லும் செடிகளைச் சுற்றிக் கோட்டையாக எழும்பியிருந்தன. ஒரு ரோஜா நசுங்கியே போயிருந்தது. அதைக் கையில் எடுத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"மனசை விடாதீங்க. இது உங்க தோட்டம்," என்று தேற்றினாள் மனைவி. "நீங்க இங்கேயே நாற்காலி போட்டு உட்காருங்க. டீ, சாப்பாடு எல்லாம் நான் கொண்டு வந்து தர்றேன்."

செங்கல்லை அள்ளியதும் நடலாம் என்று நாலாவது பிளான் போட்டு, அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தார். ஒரே ஒரு முறை, உள்ளே மேடைக் கல் இறங்கும் சத்தம் கேட்டு, "எவ்வளவு உயரம் வைக்கிறாங்க?" என்று டேப்பை உருவிக்கொண்டு எழுந்தார். வாசல்படியில் கால் வைக்கவில்லை, "சார், செடி மேல லாரி ஏறுது!" என்று மேஸ்திரி அலறினார். விழுந்தடித்து ஓடினார். லாரி தெருவிலேயே நின்றிருந்தது.

சமையலறை வேலை தொடங்கிய பதினெட்டாம் நாள் மனைவி அவரை உள்ளே கூப்பிட்டாள். சமையலறை பளபளவென்று இருந்தது. மேடை, அலமாரி, ஓடு, எல்லாம் முடிந்துவிட்டன. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஜன்னலைத் திறந்தாள். மணல், பள்ளம், செங்கல்.

"நீ ஜன்னலைத் திறந்தா ரோஜா தெரியணும்னு நினைச்சேன்," என்றார் டேப் சார். "உன் வேலை முடிஞ்சிருச்சு. நான் நாலாவது பிளான் வரைக்கும் வந்தும் ஒரு செடியை மண்ணுல வைக்க முடியல. நான் எதுக்கும் லாயக்கில்ல."

மனைவி தரையைப் பார்த்தாள். மேஸ்திரி, தானே பூசிய சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே நின்ற சித்தாள் பெண் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"அக்கா, சமையக்கட்டுதான் முடிஞ்சிருச்சே, இனிமே சாரைச் செடி நட விடலாமா? இல்ல, குளியலறை வேலையும் முடியற வரைக்கும் இன்னும் ரெண்டு பள்ளம் தோண்டணுமா?"